புரட்டிப் பார்க்காமல் போட்ட எண்

ஆம்பூர்த் தோல் வட்டாரத்தில் இன்பராஜின் வலது கை நடுவிரலை அறியாதவர்கள் குறைவு. அதன் பெருமையை மற்ற எல்லாரையும்விடச் சற்று அதிகமாகவே இன்பராஜ் அறிந்திருந்தார். இருபத்தாறு ஆண்டுகளாக ஒரே தொழிற்சாலையில் அவருக்கு அசார்ட்டர் வேலை. பதனிட்டு வரும் தோல்களை மேசைமீது விரித்து, வெளிச்சத்துக்குச் சாய்த்து, விரலால் தடவி, இது முதல் தரம், இது மூன்றாம் தரம், இது கழிவு என்று பிரித்துவைக்க வேண்டும். உண்ணி கடித்த புள்ளி, முள்வேலி இழுத்த கோடு, நுகத்தடி அழுத்திய தழும்பு, உப்புப் போதாமல் உள்ளூர இற்றுப்போன இடம் ஆகியவற்றைக் கண் காண்பதற்கு முன்பே அந்த விரல் கண்டுவிடும் என்பது மேசையைச் சுற்றி நின்றவர்களின் நம்பிக்கை.

விரல் தொழிற்சாலை வாசலோடு நின்றிருந்தால் குடும்பத்தில் நிம்மதி இருந்திருக்கும். நிற்கவில்லை. காலையில் தட்டில் விழும் இட்லியை அழுத்திப் பார்த்து, "நாலாம் தரம், உள்ள ஈரம் நிக்குது" என்பார். கொழுந்தியாள் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போன வீட்டில், கைகுலுக்கும் சாக்கில் பையனின் புறங்கையை ஒரு தடவு தடவிவிட்டு, "மேல்பக்கம் நல்லாத்தான் இருக்குது, வயித்துப் பக்கம் தொளதொளன்னு போவும்" என்று மனைவியின் காதில் சொல்லப்போக, அது எதிரே அமர்ந்திருந்த பையனின் தகப்பனார் காதுவரை போய்ச் சேர்ந்தது. புதிதாக வந்த பங்குத்தந்தையின் பிரசங்கத்தைப் பற்றி அவர் தந்த மதிப்பீடு கோயில் வளாகத்தில் இன்றும் உலவுகிறது: "ஆரம்பம் முதல் தரம். கழுத்தாண்ட வர்றப்போ சுருக்கம் ஜாஸ்தி."

விரலுக்குத் துணையாகச் சட்டைப் பையில் எப்போதும் ஒரு நீலச் சாக்பீஸ் இருக்கும். தரம் பார்ப்பதற்கென்று ஒரு வரிசை உண்டு. முதலில் மேல்பக்கம், மயிர் இருந்த பக்கம், பார்வைக்கு அழகான பக்கம். பிறகு தோலைப் புரட்டிச் சதைப்பக்கம்; மாட்டின் உடம்போடு ஒட்டியிருந்த, அழகுக்கு வழியில்லாத பக்கம். இரண்டையும் பார்த்த பின்பே சதைப்பக்கத்தின் வால் ஓரத்தில் சாக்பீஸால் எண் விழும். விழுந்த எண்ணை விற்றவரும் அழிக்கக் கூடாது, வாங்கியவரும் அழிக்கக் கூடாது. சாக் விழுந்தால் பேச்சு முடிந்தது. கலவை ஊர்ப் பக்கத்து வியாபாரி ஒருவர் எச்சில் தொட்டு ஒரு மூன்றை ஒன்றாக்கப் பார்த்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அவர் வீட்டிலிருந்து கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட, "எச்சில்காரர் வீட்டு விசேஷம்" என்றுதான் இந்தப் பக்கம் இன்றும் சொல்கிறார்கள்.

இன்பராஜ் தாம் போட்ட எண்களில் ஒன்றைக்கூட இதுவரை திரும்பப் பெற்றதில்லை. அதை அவர் ஒரு சொத்தாகவே கருதிவந்தார். வீட்டில் சொத்து என்று சொல்லத்தக்க மற்றொன்று ஒரு குட்டி டிராக்டர். அது அவர் பெயரில் இருந்ததே தவிர, ஒருபோதும் அவருடையதாக இருந்ததில்லை.

டிராக்டர் மனைவி கிறிஸ்டினாவுடையது. ஒரே ஒரு முறை இன்பராஜ் அதை ஓட்டிப் பார்த்தார். அது நேராகப் போய் மாட்டுத் தொட்டிக்குள் முன்சக்கரத்தை இறக்கித் தண்ணீர் குடித்தது. அதன் பிறகு அவர் மட்கார்டில் உட்கார்ந்து வருவதோடு சரி. கிறிஸ்டினாவோ தென்னை வரிசைகளுக்கு நடுவே, மட்டை உரசாமல், அந்தக் குட்டி டிராக்டரைக் கைக்குட்டை மடிப்பதுபோலத் திருப்புவார். உழவு, எரு, செங்கல், தேங்காய் என்று ஆறு ஆண்டுகளாக வாடகைக்கு ஓட்டிச் சம்பாதித்தவர், இந்த ஆண்டு கண்ணை வேறு பக்கம் திருப்பியிருந்தார். வேலூர் சத்துவாச்சாரிக்குப் பின்புறம் ஒரு மனைப்பிரிவு. நடுவில் செம்மண்ணும் கல்லுமாக ஒரு மேடு. அதைக் கரைத்துச் சமன் செய்து, வாய்க்காலும் தோண்ட வேண்டும். மூன்று மாத வேலை. நன்றாகச் செய்தால் அடுத்த இரண்டு மனைப்பிரிவுகளும் உண்டு. போன மாதம் குட்டி டிராக்டரில் பலகை கட்டிக்கொண்டு போய் முட்டிப் பார்த்தார். மேட்டைத் தள்ளப் போன டிராக்டரை மேடு தள்ளிவிட்டது. வேலையைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியர் பாரதி, சிரிக்காமல் இருக்க முயன்றபடியே சொன்னார்.

"அக்கா, இது இதுக்கு ஆவாது. திங்கக்கெழம காலைல லோடரோட வந்து நின்னீங்கன்னா வேலை உங்களுது. வரலைன்னா வேற ஆளுக்குச் சொல்லிடுவேன். தப்பா எடுத்துக்காதீங்க."

லோடர் என்பது முன்னால் மண் அள்ளும் தொட்டியும் பின்னால் தோண்டும் கையும் உள்ள கனத்த மஞ்சள் வண்டி; எந்தக் கம்பெனி செய்தாலும் ஊர்வழக்கில் அதற்கு ஜேசிபி என்றே பெயர். கிறிஸ்டினா அதை ஓட்டவும் அறிந்திருந்தார்; நெடுஞ்சாலை வேலையின்போது மண் ஏற்றப் போன இடத்தில், இரண்டு மாத மதிய இடைவேளைகளை ஓர் ஆபரேட்டருக்குக் கருவாட்டுக் குழம்பாகக் கொடுத்துக் கற்றுக்கொண்ட வித்தை அது. குறை ஒன்றுதான். வண்டி இல்லை.

வண்டி அஹமது பாஷாவிடம் இருந்தது, ஒன்றல்ல, இரண்டு. பாஷா பச்சைத்தோல் வியாபாரி. அவருடைய மைத்துனர் காண்ட்ராக்ட் தொழிலை விட்டு விலகியபோது இரண்டு பழைய லோடர்களும் அவருடைய கிடங்கு வளாகத்துக்கு வந்து சேர்ந்தன. சும்மா நிற்கிறதே என்று ஒன்றை மனைவி ரஃபத் ஜஹானின் தென்னந்தோப்புக்குள் பாத்தி எடுக்க விட்டார். மூன்று மரங்களுக்குத் தோல் உரிந்தது. நான்காவது மரம் பம்புசெட்டின் மேல் சாய்ந்தது. அந்த யானை இன்னொரு முறை தோப்புக்குள் வந்தால் தாம் தாய்வீட்டுக்குப் போய்விடுவதாகவும், தோப்பு தாய்வீட்டுச் சீதனம் ஆதலால் அதையும் கூடவே எடுத்துப் போவதாகவும் ரஃபத் ஜஹான் அறிவித்தார். தோப்புக்கு வேண்டியது குட்டி டிராக்டர் என்பது பாஷாவுக்கு அப்போதுதான் விளங்கியது.

ஆகவே வண்டிக்கு வண்டி மாற்று. குட்டி டிராக்டரைக் கலப்பையோடு கொடுத்துவிட்டு, இரண்டு லோடர்களில் எது பிடிக்கிறதோ அதை ஓட்டிக்கொண்டு போகலாம். கொடுத்த பின் திரும்பக் கேட்பதில்லை என்று இரு தரப்புக்கும் பேச்சு.

சனிக்கிழமை காலை கிறிஸ்டினா டிராக்டரை ஓட்ட, இன்பராஜ் மட்கார்டில் அமர்ந்து, ஆர்.சி. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

"இன்னா சொன்னேன், ஞாபகம் இருக்குதா?" என்று கிறிஸ்டினா முன்னால் பார்த்தபடியே கேட்டார்.

"கையெழுத்து போடணும்."

"அப்புறம்?"

"பேசக் கூடாது."

"அப்புறம்?"

இன்பராஜ் சாலையோரப் புளியமரங்களைப் பார்த்தார். "தடவக் கூடாது."

"கரெக்டு. வேழாக்கெழமயே ரெண்டயும் ஸ்டார்ட் பண்ணிப் பாத்துட்டேன். கீறல் விழுந்து அசிங்கமா ஒண்ணு இருக்குதே, அதுதான் நமக்கு. சத்தம் சுத்தமா வருது. இன்னொண்ணு பளபளன்னு இருக்குது, ஆனா தொட்டியத் தூக்கறப்போ எங்கியோ முக்குது. எங்கன்னு தெரியல. எனக்குப் பிடிக்கல."

"முக்கறது எல்லாருந்தான் முக்கறாங்க. ஒரு தடவ நானும் பாத்துட்டா..."

"நீங்க பாக்கலாம். கைய கட்டிக்கிட்டுப் பாக்கணும்."

இருபத்தாறு வருஷ அசார்ட்டரிடம் பேசுகிற பேச்சா இது என்று இன்பராஜ் மனத்துக்குள் புழுங்கினார். ஊரே தரம் கேட்டு வருகிற விரலை, சொந்த வீட்டு வண்டி மாற்றும் நாளில் மடக்கி வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். டிராக்டர் ஒரு பள்ளத்தில் ஏறி இறங்கியபோது, சட்டைப் பையில் சாக்பீஸ் நெஞ்சைத் தட்டியது.

பாஷாவின் கிடங்கு வளாகம் உப்பும் பச்சைத்தோலும் கலந்த வாடையோடு வரவேற்றது. உப்புத் தடவிய தோல்களை மடித்து அடுக்கிக்கொண்டிருந்த சௌந்தரம் நிமிர்ந்து பார்த்து, "அசார்ட்டரே வந்துட்டாரு, தோலுங்களா, ஒழுங்கா படுங்க" என்றார். அந்தக் கிடங்கில் பதினைந்து ஆண்டுகளாக உப்புத் தடவுகிறவர் அவர். நாக்கிலும் சற்று உப்பு உண்டு. கொட்டகைக்குள் இரண்டு லோடர்களும் நின்றன. ஒன்று நெளிந்து, கீறி, துரு எட்டிப்பார்க்க, சந்தையில் விலைபோகாத கிழட்டு மாடுபோல நின்றது. மற்றது புதுமஞ்சள் பூசி, கல்யாண வீட்டு வாழைப்பழமாக மின்னியது.

பாஷா நாற்காலி போடச் சொல்லி, தேநீரும் தட்டு நிறைய மக்கன் பேடா இனிப்பும் வரவழைத்தார். "உக்காருங்க இன்பராஜ். ரெண்டுல எது வேணும்னாலும் எடுத்துக்குங்க. ஆனா இன்னிக்கே முடிச்சிடணும், தோஸ்த். டிராக்டர் இல்லாம சாயந்தரம் நான் வீட்டுக்குள்ள போவ முடியாது."

"அது நெஜந்தான்," என்று பின்னாலிருந்து ரஃபத் ஜஹானின் குரல் வந்தது. அவர் நேராக டிராக்டரிடம் போய்விட்டிருந்தார். "கிறிஸ்டி, இந்தா வா. இது மரத்துக்கு மரம் திரும்புமா இல்ல இதுவும் மரத்துக்கு முத்தம் கொடுக்குமா? காட்டு."

"காட்டறேன் பாயம்மா," என்று கிறிஸ்டினா அந்தப் பக்கம் போனார். போகுமுன் கணவரை ஒரு பார்வை பார்த்தார். இன்பராஜ் கைகளைக் கட்டிக்கொண்டார்.

கட்டிய கைகளோடு அவர் எழுந்தது உண்மை. கட்டிய கைகளோடு கீறல் விழுந்த லோடர்வரை நடந்ததும் உண்மை. ஆனால் அதன் விலாப்புறத்தில் ஒரு நீண்ட கீறலைக் கண்டபோது, அது வேலி இழுத்ததா கொம்பு குத்தியதா என்ற கேள்வி தொழில்முறையில் எழுந்துவிட்டது. கை தானாக அவிழ்ந்தது. நடுவிரல் கீறல்மேல் ஓடியது. அடுத்து ஒரு நெளிவு. அதற்கடுத்துப் பெயிண்ட் உதிர்ந்த புள்ளிகள், கொத்துக் கொத்தாக, உண்ணி கடித்த தோலைப்போலவே. இருபத்தாறு ஆண்டுகளாக எந்தத் தடையுமின்றிக் கண்ணுக்கும் கைக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்த ஒரு பழக்கம், அன்று மட்டும் நடுவழியில் நின்று யோசிக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. சாக்பீஸ் வெளியே வந்தது. வட்டம் போட்டு, உள்ளே ஒரு பெருக்கல் குறி. கழிவு.

பிறகு அவர் மஞ்சள் லோடரின் பக்கம் திரும்பினார். விரல் பட்டதும் அவருடைய முகமே மாறியது. தழும்பில்லை, புள்ளியில்லை, முதுகெலும்புக் கோட்டிலிருந்து தொடைவரை ஒரே இழைவு. இவ்வளவு நீளத்துக்கு இப்படிப்பட்ட மேல்பக்கத்தை அவர் கடந்த ஐந்தாறு ஆண்டுகளில் மேசையில் கண்டதில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை, கண்ணைத் திறந்து ஒருமுறை தடவினார். அதன் பளபளப்பான விலாவில், ஒரு முழ உயரத்துக்கு, அழகான கையெழுத்தில், ஓர் ஒன்றைப் போட்டார்.

அடுக்கிக்கொண்டிருந்த தோலைச் சௌந்தரம் அப்படியே கீழே வைத்தார். பாஷா வாயருகே கொண்டுபோன மக்கன் பேடாவைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டு எழுந்தார்.

"மாஷா அல்லா," என்றார் மெதுவாக. "சாக் விழுந்துடுச்சு."

இன்பராஜ் தம் கையில் இருந்த சாக்பீஸைப் பார்த்தார். அதை அங்கே யார் கொண்டுவந்து வைத்தது என்பதுபோலப் பார்த்தார்.

"கிறிஸ்டி," என்று பாஷா உரக்கக் கூப்பிட்டார். "வாம்மா. உங்க வீட்டுக்காரர் முடிச்சிட்டாரு. மஞ்சள் வண்டி உங்களுது. முபாரக்."

கிறிஸ்டினா வந்தார். முதலில் வட்டத்துக்குள் இருந்த பெருக்கல் குறியைப் பார்த்தார். பிறகு மஞ்சள் விலாவில் இருந்த ஒன்றைப் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார். அவர் கத்தியிருந்தால் இன்பராஜுக்கு வசதியாக இருந்திருக்கும், கத்தவில்லை.

"இது சும்மா பழக்கத்துல போட்டது, பாய்," என்றார் கிறிஸ்டினா. "துணியால துடைச்சிட்டாப் போவுது."

பாஷா நெஞ்சில் கைவைத்தார். "துடைக்கறதா? என் கிடங்குல, என் கண்ணு முன்னால, இன்பராஜ் போட்ட நம்பரயா? நாளைக்கு மார்க்கெட்டுல இன்னான்னு பேசுவாங்க? கலவைக்காரருக்கு ஜோடி கெடச்சிட்டாருன்னு பேசுவாங்க. சௌந்தரம், நீ பாத்தல்ல?"

"நல்லாவே பாத்தேன்," என்றார் சௌந்தரம். "இவ்வளவு பெரிய ஒண்ணு நம்ம கிடங்குல இதுவரைக்கும் விழுந்ததே இல்ல, பாய்."

பாஷாவை ஏமாற்றுக்காரர் என்று சொல்ல முடியாது. பொய் சொல்ல மாட்டார். ஆனால் கேட்காத உண்மையை எடுத்து நீட்டும் வழக்கமும் அவருக்கு இல்லை. மஞ்சள் லோடர் போய்த் தொலைந்தால் நல்லது என்று அவர் மனத்தில் எங்கோ ஒரு மூலையில் இருந்தது என்பதை, அவர் 'முபாரக்' சொன்ன வேகத்தில் கிறிஸ்டினா கண்டுகொண்டார். கண்டுகொண்டும் செய்வதற்கு ஒன்றுமில்லை. தோல் வட்டாரத்தில் குடும்பம் நடத்தும் எவரும் சாக்பீஸை எதிர்த்துப் பேசிப் பிழைக்க முடியாது. முக்கும் வண்டியோடு திங்கட்கிழமை மேட்டின் முன் நிற்க வேண்டும். அது நடுவேலையில் படுத்தால், மேடும் இல்லை, திரும்பிப்போகக் குட்டி டிராக்டரும் இல்லை.

கிறிஸ்டினா கணவரின் அருகே வந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார். குரலில் கோபம்கூட இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பியதைப்போல இருந்தது.

"உங்க டேபிள்ல வர்ற தோலுக்கும் இப்படித்தான் போடுவீங்களா?"

இன்பராஜ் "ஆமா" என்று சொல்ல வாயெடுத்தார். அவர் மஞ்சள் விலாவில் மின்னிக்கொண்டிருந்த ஒன்று என்ற எண்ணைப் பார்த்தார். அது எந்தப் பக்கத்தில் இருந்தது என்பதைப் பார்த்தார்.

மேசையில் அவர் ஒருநாளும் மேல்பக்கத்தில் எண் போட்டதில்லை. புரட்டாமல் எண் போட்டதில்லை. புதிதாக வேலைக்கு வருபவன் செய்யும் முதல் தப்பு அது. அதைச் செய்தவனை ஒரு வாரம் மற்றவர்கள் 'மேலாப்புல பாக்கறவன்' என்று கூப்பிடுவார்கள். இந்த எண் செல்லாது. அதைச் சொல்வதற்கு வழி இருந்தது. ஆனால் சொன்னால், இன்பராஜ் புரட்டாமல் எண் போட்டார் என்ற வாக்கியமும் கூடவே வெளியே போகும். சௌந்தரத்தின் வாயிலிருந்து கிடங்குக்கு, கிடங்கிலிருந்து லாரிக்கு, லாரியிலிருந்து தொழிற்சாலை வாசலுக்கு அது திங்கட்கிழமை காலைக்குள் போய்ச் சேர்ந்துவிடும். இருபத்தாறு வருஷம். பேசாமல் இருந்தால் எண்ணும் நிற்கும், பெயரும் நிற்கும். மேட்டின் முன்னால் கிறிஸ்டினா மட்டும் நிற்பார்.

அவர் ஒரு மக்கன் பேடாவை எடுத்தார், அழுத்திப் பார்த்தார், தரம் சொல்லாமல் திரும்ப வைத்தார்.

"பாய்," என்றார். "அது நம்பரே இல்ல."

"இன்னாது?"

"நான் போட்டது மேல்பக்கத்துல. புரட்டல. சதைப்பக்கம் பாக்கல. புரட்டாம போட்ட நம்பர் செல்லாது. இது உங்களுக்கே தெரியும்." எல்லாருக்கும் கேட்கும்படி மறுபடியும் சொன்னார். "நான் புரட்டாம போட்டுட்டேன். தப்பு என்னுது."

சௌந்தரம் தாடையில் கைவைத்துக்கொண்டார்.

பாஷா சுதாரித்துக்கொண்டார். "அது தோலுக்குச் சரி, தோஸ்த். இது மெஷின். மெஷினுக்கு ஏது சதைப்பக்கம்?"

"மேல்பக்கம் இருக்கறதுக்கு எல்லாம் சதைப்பக்கம் இருக்குது."

"காட்டு பாக்கலாம். இதப் புரட்ட முடியுமா? எட்டு டன்னு."

"அதப் புரட்ட முடியாது. நான் புரண்டுக்கறேன்," என்றார் இன்பராஜ்.

பாஷா உதவிக்குச் சுற்றும் முற்றும் பார்த்தார். கிடைத்தது ரஃபத் ஜஹான். டிராக்டர் சீட்டில் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தவர், இறங்காமலே தீர்ப்பு வழங்கினார். "எங்க வாப்பாவும் நாப்பது வருஷம் தோல் வியாபாரந்தான் செஞ்சாரு. புரட்டாத நம்பர அவரு ஒரு நாளும் ஒத்துக்கிட்டது இல்ல. பாக்கறதுன்னா பாக்கட்டும், உங்களுக்கு இன்னா பேஜாரு? எந்த யானை வேணும்னாலும் போவட்டும். இந்தக் குட்டி எனக்கு இங்கியே நிக்கணும்."

அதற்கு மேல் பாஷாவுக்கு அப்பீல் கிடையாது.

இன்பராஜ் சட்டையைக் கழற்றிக் கிறிஸ்டினாவிடம் கொடுத்தார். சௌந்தரம் ஒரு பழைய தோலை எடுத்துவந்து உப்புப் பக்கம் கீழே இருக்கும்படி விரித்தார். "மேல்பக்கத்துலியே படுங்க, அசார்ட்டரே. உங்களுக்கு அதுதான் பழக்கம்," என்றார். திங்கட்கிழமைவரை காத்திருக்கத் தேவையில்லை, இப்போதே தொடங்கிவிட்டது என்று இன்பராஜ் எண்ணிக்கொண்டார். மல்லாந்து படுத்து, மண் அள்ளும் தொட்டியைத் தூக்கிப்பிடிக்கும் இரண்டு கனத்த கைகளுக்கு அடியில் நகர்ந்தார்.

அங்கே அழகு இல்லை. மசகு, சேறு, காய்ந்த மண். அவர் கண்ணை மூடிக்கொண்டார். விரல் வண்டியின் இடக்கையின் அடிப்புறத்தில் மெல்ல ஊர்ந்தது. இரும்பு காலைக்குளிரில் சில்லென்றிருந்தது. ஒரு சாண், இரண்டு சாண், அதே குளிர். கை உடம்போடு சேரும் மூட்டுக்குச் சற்று முன்னால் விரல் நின்றது. பின்னால் போயிற்று. மறுபடியும் வந்தது.

"இன்னா?" என்றார் கிறிஸ்டினா, குனிந்து.

"இங்க சில்லுன்னு இல்ல."

"அப்படின்னா?"

"நாலு வெரக்கட அகலத்துக்கு இரும்பு இல்ல. வேற எதோ இருக்குது." அவர் குரலில் பழைய உயிர் வந்திருந்தது. குறையுள்ள தோலைத் தேய்த்து, பள்ளத்தை நிரப்பி, மேலே வண்ணம் பூசி, பொய்யான மயிர்க்கண்களை அச்சடித்து முதல் தரம்போல மேசைக்கு அனுப்பும் வித்தை எல்லாத் தொழிற்சாலையிலும் உண்டு. அதைக் கண்டுபிடிப்பதற்குத்தான் அசார்ட்டர் என்று ஒருவனுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். மேலே தடவியபோது அந்த இழைவு அளவுக்கு மிஞ்சி நன்றாக இருந்தது என்பதை, இப்போது படுத்துக்கொண்டு, வெட்கத்தோடு நினைத்துப் பார்த்தார். அவ்வளவு நல்ல மேல்பக்கம் எந்த மாட்டுக்கும் கிடையாது. "சாவி குடு."

கிறிஸ்டினா குட்டி டிராக்டரின் சாவியைக் கொடுத்தார். இன்பராஜ் அதன் முனையால் சுரண்டினார். முதலில் மஞ்சள் உதிர்ந்தது. பிறகு சாம்பல் நிறத்தில் பட்டி, சுவருக்குப் பூசுவதுபோல, கட்டி கட்டியாக அவருடைய மார்பில் விழுந்தது. அதற்கும் பின்னால், யாரோ அவசரமாகப் பற்றவைத்து மூடிய ஒரு விரிசல், கையைக் குறுக்காகக் கடந்து ஓடியது.

"முக்கறது இங்கதான்," என்றார்.

கிறிஸ்டினாவும் படுத்துப் பார்த்தார். பாஷாவும் வேட்டியை மடித்துக்கொண்டு குந்திப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"வல்லாஹி, எனக்கே தெரியாது, தோஸ்த்," என்றார் கடைசியில். "பெயிண்ட் அடிச்சவன் பட்டி வச்சு மூடிட்டான்."

அது உண்மையா என்பது இன்பராஜுக்கு விளங்கவில்லை. பாஷாவின் முகம் எப்போதுமே முதல் தர மேல்பக்கம். புரட்டிப் பார்ப்பதற்கு ரஃபத் ஜஹானுக்கு மட்டுமே உரிமை இருந்தது. அவர் டிராக்டர் சீட்டிலிருந்து கணவரைப் பார்த்துக்கொண்டிருந்த விதத்தில், அந்த வேலை மாலையில் நடக்கும் என்று தெரிந்தது.

பிறகு இன்பராஜ், யாரும் சொல்லாமலே, தோலை இழுத்துக்கொண்டு போய்க் கீறல் விழுந்த லோடரின் அடியில் படுத்தார். கால்மணி நேரம் வெளியே வரவில்லை. கால்கள் மட்டும் தெரிந்தன. அவை அவ்வப்போது இன்பமாக அசைந்தன. மூட்டுகளில் மசகு புதிதாக இருந்தது. இரும்பு முழுநீளமும் ஒரே குளிராக இருந்தது. வெளிக்கீறல்கள் ஒன்றுகூட உள்ளே இறங்கவில்லை. அடிப்புறத்தில், பின்சக்கரத்துக்கு அருகே, வால் ஓரம் என்று சொல்லத்தக்க இடத்தில், படுத்தபடியே சாக்பீஸைக் கேட்டு வாங்கி, ஒரு சிறிய ஒன்றைப் போட்டார்.

"புரட்டிட்டீங்களா?" என்று சௌந்தரம் கேட்டார்.

"புரட்டிட்டேன்."

"மறுபடி ஒருவாட்டி புரட்டிக்குங்க. எதுக்கும்."

பாஷா தலையசைத்தார். சாக் விழுந்துவிட்டது. அவர் குட்டி டிராக்டரின் சாவியை வாங்கி, பட்டித் தூளை ஊதிவிட்டு, ரஃபத் ஜஹானிடம் கொடுத்தார். கையெழுத்துகள் விழுந்தன; மக்கன் பேடா தட்டு காலியானது. கிறிஸ்டினா லோடரில் ஏறுமுன் குட்டி டிராக்டரின் பானட்டை ஒரு தட்டு தட்டி, "பாயம்மா, ரெண்டாவது கியர் கொஞ்சம் வம்பு பண்ணும். திட்டினா விழும்" என்றார்.

"திட்டறதா? அது எனக்கு வரும்," என்றார் ரஃபத் ஜஹான்.

கிறிஸ்டினா ஒரு துணியை எடுத்து விலாவில் இருந்த பெருக்கல் குறியைத் துடைக்கப் போனபோது, இன்பராஜ் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தொடக் கூடாது."

"இன்னாங்க இது? அதுதான் செல்லாதுன்னு நீங்களே சொன்னீங்களே."

"செல்லாதுதான். ஆனா சாக்கை மனுஷன் கை அழிக்கக் கூடாது. தண்ணியில தானா போவணும். மழை வந்தா போவும்."

திங்கட்கிழமை காலை, தொழிற்சாலைக்கு லீவு சொல்லிவிட்டு இன்பராஜும் சத்துவாச்சாரிக்குப் போனார். மனைவியின் முதல் நாள் வேலையைப் பார்க்க என்று வீட்டில் சொன்னார். மேசையருகே, "வாங்க, புரட்டுங்க" என்று வரவேற்க ஏழெட்டுப் பேர் காத்திருக்கிறார்கள் என்ற செய்தி ஞாயிறு பூசையிலேயே அவருக்குக் கிடைத்திருந்தது; அதை வீட்டில் சொல்லவில்லை. வீட்டிலும் கேட்கவில்லை.

லோடர் மேட்டின் முன் நின்றது. தொட்டியைத் தாழ்த்தி, பின்சக்கரங்களை ஊன்றி, முட்டியது. மேடு சற்று நேரம் யோசித்தது. பிறகு அதன் நெற்றி உடைந்து, செம்மண் தொட்டிக்குள் சரிந்தது. ஆபரேட்டர் இருக்கையில் கிறிஸ்டினா திரும்பிப் பார்க்கவே இல்லை. ஆனால் அவருடைய முதுகு சிரித்தது.

இன்ஜினியர் பாரதி நோட்டோடு வந்து லோடரை ஒரு சுற்றுச் சுற்றினார். விலாவருகே நின்றார்.

"அக்கா, இன்னா இது, வட்டம் போட்டுப் பெருக்கல் குறி போட்டிருக்குது? ரிஜெக்ட் ஆன வண்டியா?"

கிறிஸ்டினா என்ஜின் சத்தத்துக்கு மேலே குரல் கொடுத்தார். "அது மேல்பக்கம், மேடம். அத கண்டுக்காதீங்க. நம்பர் அடியில இருக்குது."

பாரதிக்கு ஒன்றும் புரியவில்லை. விளக்கம் கேட்பதுபோல இன்பராஜைப் பார்த்தார். இன்பராஜ் கைகளைக் கட்டிக்கொண்டு, மழை எப்போது வரும் என்று அண்ணாந்து பார்த்தார். வேலூர் வானம் மலைகளுக்கு மேலே, ஒரு கீறல் இல்லாமல், ஒரு தழும்பு இல்லாமல், நீலமாக விரிந்திருந்தது. முதல் தரம் என்று வாய்வரை வந்தது. அந்தப் பக்கம் இன்னும் பார்க்கவில்லையே என்று அடக்கிக்கொண்டார்.